வலி மாத்திரையும் மருந்தாளுநரும்: கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு பதில்

டி.ஃபார்ம் முடித்து ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஆறு மாதமாக வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “டேபென்டடால், டிரமடால் மாதிரி பலமான வலி மாத்திரைகளைக் கேட்டுத் தினமும் இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். சிலரிடம் சீட்டே இல்லை, சிலர் கசங்கிப்போன பழைய சீட்டை நீட்டுகிறார்கள். முதலாளி எல்லோரிடமும் ‘ஸ்டாக் இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடச் சொல்கிறார். ஓபியாய்டு, அதாவது அபின் மாதிரி வேலை செய்யும் மருந்துகளின் பிரச்சினையில் மருந்தாளுநருக்கு அதற்கு மேல் என்ன வேலை இருக்கிறது? மற்றதெல்லாம் போலீஸ் வேலைதானே?”

தம்பி, இருபத்து நான்கு வருடமாக நானும் கவுண்டருக்குப் பின்னால்தான் நிற்கிறேன். உங்கள் முதலாளி சொல்வதன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ‘ஸ்டாக் இல்லை’ என்ற அந்த ஒரே பதில், போதைக்காக வந்த பையனையும் புற்றுநோய் வலியில் துடிப்பவரின் மகளையும் ஒரே வாசலில் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பேருக்கும் நாம் எதுவும் செய்யவில்லை. யார் எதற்காக வந்திருக்கிறார் என்று பிரித்துப் பார்க்கத்தான் நமக்குப் படிப்பும் பதிவு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். போலீஸால் அதைச் செய்ய முடியாது. மாத்திரை கை மாறிய பிறகுதான் அவர்கள் வருவார்கள்.

முதலில் நம் ஊர் நிலவரம். வெளிநாடுகளில் ஓபியாய்டு என்றால் ஹெராயின், ஃபென்டனில் என்று பேசுகிறார்கள். இங்கே செய்தித்தாளில் ‘போதைக்காக வலி நிவாரண மாத்திரை’ என்று வருவது பெரும்பாலும் டேபென்டடால். பொடித்து, சலைனில் கரைத்து, சிரிஞ்சில் ஏற்றிக்கொள்கிறார்கள். இது புதிய பழக்கமும் இல்லை. 1990களில் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் புப்ரெனார்ஃபின் என்ற வலி மருந்தின் ஆம்பூல் பரவியிருந்தது. மிசோரமில் ஸ்பாஸ்மோ-பிராக்ஸிவான் என்ற வலி நிவாரணக் கேப்சூலைக் கரைத்து ஏற்றிக்கொண்டு, சீழ் வைத்துக் கை கால்களை இழந்தவர்கள் உண்டு. அப்புறம் டிரமடால் வந்தது. 2018 ஏப்ரலில் அதைப் போதைப்பொருள் தடுப்புக்கான என்.டி.பி.எஸ். சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பழக்கம் டேபென்டடால் பக்கம் சாய்ந்தது. நாளைக்கு இன்னொரு பெயர் வரும். அதனால் ‘இந்த மாத்திரை கெட்டது’ என்று ஒரு பெயரை மனப்பாடம் செய்து வைப்பதில் பலன் குறைவு. எந்த மருந்து திடீரென்று அதிகமாகக் கேட்கப்படுகிறது, யார் கேட்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த மாற்றம் முதலில் தெரியும் இடம் நம் கவுண்டர்.

2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்களில் சுமார் 2.1 சதவீதம் பேர், அதாவது இரண்டே கால் கோடிப் பேர், ஏதோ ஒரு ஓபியாய்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து வகை ஓபியாய்டு மட்டும் கிட்டத்தட்ட 1 சதவீதம். ஹெராயினுக்கு அது அதிகம் பின்தங்கவில்லை. எல்லா மாத்திரையும் மெடிக்கல் ஷாப் வழியாகப் போவதில்லை என்பதும் உண்மை. பிடிபட்ட பல வழக்குகளில் வெளிமாநிலத்திலிருந்து கூரியரிலும் ரயிலிலும் பெட்டி பெட்டியாக வந்திருக்கின்றன. அதற்கு நாம் பொறுப்பில்லை. நம் கை வழியாகப் போகும் பங்குக்குப் பொறுப்பு நாம்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். சட்டம் என்றாலே மருந்து ஆய்வாளர் வரும் நாளுக்கான தயாரிப்பு என்று கடைகளில் நினைக்கிறார்கள். எனக்கு அது வேலைக் கருவியாகத்தான் தெரிகிறது. மருந்துகள் விதிகள் 1945இல், விதி 65இல் ஒரு சின்ன வரி இருக்கிறது: திரும்பவும் தரலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தர வேண்டும், தரும்போது மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, தேதியைக் குறிக்க வேண்டும். எத்தனை கடைகளில் இதைச் செய்கிறார்கள்? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் நூறு, நூற்றைம்பது ரூபாய்தான் ஆகும். ஸ்டாம்ப் விழுந்த சீட்டை வைத்துக்கொண்டு தெருவில் உள்ள ஐந்து கடைகளில் ஐந்து அட்டை வாங்க முடியாது. நான் ஸ்டாம்ப் போட ஆரம்பித்த முதல் மாதத்திலேயே இரண்டு பேர் ‘சீல் வைக்காம கொடுங்கண்ணே’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியே எனக்குப் பதிலாக இருந்தது.

அடுத்தது எச்1 ரிஜிஸ்டர். 2013இல் அறிவித்து 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த ஷெட்யூல் எச்1, கூடுதல் கவனத்தோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். அதில் டிரமடால், புப்ரெனார்ஃபின், பென்டசோசின், கோடீன் எல்லாம் இருக்கின்றன. தூக்க மாத்திரைகளும் பதற்றத்துக்கான மாத்திரைகளும் அதிலேயே இருக்கின்றன. எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் புத்தகத்தில் பதிந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து மொத்தமாக நிரப்புகிறார்கள். அப்படி நிரப்பினால் அது ஆய்வாளருக்குக் காட்டும் காகிதம் மட்டும்தான். அன்றன்றே எழுதி வாரம் ஒரு முறை புரட்டினால் அது நம்மிடம் பேசும். ஒரே கையெழுத்தில் ஒரே மருத்துவரின் சீட்டு, வேறு வேறு பெயரில் நாலு பேர். ஒரே ஆள் பத்து நாள் மருந்தை ஆறாம் நாளே வாங்க வருவது. டிரமடாலும் பதற்றத்துக்கான அல்பிரசோலமும் வேறு வேறு மருத்துவரிடமிருந்து ஒரே வீட்டுக்குப் போவது. இவை அடுத்தடுத்த வரிகளில் கண் முன்னால் நிற்கும். டேபென்டடாலையும் அதே புத்தகத்தின் ஒழுங்கோடு எழுதி வைத்துவிடுங்கள்.

சந்தேகம் வந்தால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். டாக்டரைக் கேள்வி கேட்பதாக ஆகிவிடுமோ என்று இளம் மருந்தாளுநர்கள் தயங்குகிறார்கள். நான் கேட்கும் முறை இதுதான்: ‘வணக்கம் டாக்டர், உங்கள் சீட்டில் டேபென்டடால் 100, முப்பது நாளைக்கு என்று இருக்கிறது. சரிபார்த்துக்கொள்ளக் கூப்பிட்டேன்.’ ஒன்று, ‘ஆமாம், நான்தான் எழுதினேன்’ என்பார். இல்லாவிட்டால், ‘நான் மூன்று நாளைக்குத்தானே எழுதினேன்’ என்பார். மூன்றுக்குப் பக்கத்தில் பூஜ்யம் சேர்ப்பது எளிது. எந்த மருத்துவரும் இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை. தங்கள் பெயரில் போலிச் சீட்டு சுற்றுவது தெரிந்து, நன்றி சொன்னவர்கள் உண்டு.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஓபியாய்டு பிரச்சினை என்றதும் நம் மனதில் ஊசி போடும் பையன்தான் வருகிறான். என் கவுண்டரில் நான் அதிகம் பார்த்தது முட்டி வலி அம்மாக்களையும், லோடு ஏற்றி முதுகு போன அண்ணன்களையும்தான். டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை, 37.5/325, ஒரு முறை ஐந்து நாளைக்கு எழுதப்படுகிறது. வலி குறைகிறது. அட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டு, ‘இதே மாத்திரை குடுங்க’ என்று வருகிறார்கள். கடைக்காரரும் தெரிந்த முகம் என்று கொடுக்கிறார். அது ஓபியாய்டு என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நிறுத்திப் பார்த்தால் தூக்கம் வராது, வியர்த்துக் கொட்டும், உடம்பெல்லாம் முறுக்கும், வயிறு போகும். ‘வலி திரும்ப வந்துடுச்சு’ என்று நினைத்து மறுபடி வாங்குவார்கள். அது வலி இல்லை, மருந்து விட்டுப்போன தவிப்பு.

இதில் என் தவறும் இருக்கிறது. பக்கத்துத் தெரு அம்மா ஒருவருக்கு நான் ஏழெட்டு மாதம் இப்படிக் கொடுத்தேன். ஒரே பழைய சீட்டு, அதே சிரித்த முகம், கையில் எண்ணி வைத்த சில்லறை. நானும் கேட்கவில்லை. ஒரு நாள் அவர் மகள் வந்து, அம்மாவுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள். இன்னொரு மருத்துவர் மனச்சோர்வுக்கு எழுதிய மாத்திரையையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். டிரமடால் தனியாகவே வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் மாதிரி மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும், செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் அளவு மீறிப்போகும் சிக்கலும் உண்டு. இது நான் பரீட்சைக்குப் படித்த பாடம். ‘வேறு என்னம்மா சாப்பிடுறீங்க?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். அவர் பிழைத்துவிட்டார், இன்றும் கடைக்கு வருகிறார். எனக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு அட்டையை நீட்ட முடிவதில்லை.

அதனால் முதல் முறை கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். ‘இது பலமான வலி மாத்திரை. டாக்டர் எழுதிய நாள் வரைக்கும்தான். மலச்சிக்கல் வரும், தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க. குடித்துவிட்டுப் போடவே கூடாது. மீதி இருந்தால் வீட்டில் வைக்காமல் கொண்டுவந்து கொடுத்துடுங்க.’ அரை நிமிடம் போதும். வீட்டு ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும் மீதி அட்டையிலிருந்து பழகிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். நீண்ட நாள் சாப்பிட்டு வந்தவரிடம் ‘இனிமேல் கிடையாது’ என்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். அது அவரை அடுத்த கடைக்குத்தான் அனுப்பும். எழுதிய மருத்துவரிடம் பேசி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

ஊசி போடும் பையன் வந்தால்? பொய் சொல்லாதீர்கள். ‘ஸ்டாக் இல்லை’ என்றால் நாளைக்கு வருவான். ஒரு மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்ட பையன் ஒருவன் வந்து, ‘அம்மாவுக்கு முதுகுவலிண்ணே’ என்றான். ‘இதை நான் தர மாட்டேன் தம்பி. உனக்கு உடம்புக்கு ஏதாவது செய்யுதுன்னா அதை மட்டும் சொல்லு’ என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டான். மூன்று வாரம் கழித்து முழங்கை மடிப்பில் வீங்கிச் சிவந்து, காய்ச்சலோடு வந்தான். கட்டுப் போட மருந்து கேட்டான். வாயில் போடத் தயாரித்த மாத்திரையில் டால்க், செல்லுலோஸ் மாதிரி தண்ணீரில் கரையாத பொருட்கள் இருக்கும், அது ரத்தத்தோடு போய் நுரையீரலின் சிறு குழாய்களில் அடைத்துக்கொள்ளும், கிருமி இதயத்தின் வால்வு வரை போகும் என்று சொன்னேன். யாரும் இதைச் சொல்லவில்லை என்றான். அரசு மருத்துவமனைக்கு ஆட்டோ ஏற்றிவிட்டேன். அப்புறம் அவன் வரவில்லை. முதல் நாள் நான் அவனைத் திட்டி விரட்டியிருந்தால், அந்தக் கையோடு என் கடைக்கு வந்திருக்க மாட்டான் என்று மட்டும் தெரியும்.

சிரிஞ்ச் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. சிரிஞ்ச் தராமல் விட்டால் ஊசி போடுவது நிற்கும் என்று நினைக்கிறோம். நிற்காது. ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுவார்கள். எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் அப்படித்தான் பரவின. அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமே ஊசி போடுபவர்களுக்குப் புது ஊசி கொடுக்கிறது. மாத்திரையை மறுப்பதில் உறுதியாக இருங்கள், சிரிஞ்சை மறுப்பதில் பெருமை வேண்டாம்.

ஓபியாய்டு அளவு மீறியவரை அடையாளம் காண வீட்டாருக்குச் சொல்லிக்கொடுங்கள். கண்ணின் பாவை ஊசி முனை போலச் சுருங்கியிருக்கும், மூச்சு மெதுவாகி விட்டு விட்டு வரும், உதடு நீலமாகும், உலுக்கினாலும் எழ மாட்டார். ‘போதை தெளியட்டும், தூங்கட்டும்’ என்று விடுவதில்தான் உயிர் போகிறது. 108-ஐ அழைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனிக்க வேண்டும். மூச்சே நின்றுவிட்டால் 108-இல் சொல்வதைக் கேட்டு உடனே மூச்சு கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அமெரிக்காவில் 2023 மார்ச்சில் நலாக்சோன் மூக்கு ஸ்பிரேயைச் சீட்டு இல்லாமல் விற்க அனுமதித்துவிட்டார்கள். இங்கேயும் அது மருந்துக்கடை வரை வர வேண்டும் என்பது என் ஆசை. இன்னொன்று: மறுவாழ்வு மையத்திலோ சிறையிலோ சில வாரம் இருந்து வெளியே வருபவருக்குத்தான் ஆபத்து மிக அதிகம். உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். வீட்டில் உள்ளவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் தொழில் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்ற ஊர் சாட்சி. ஜனத்தொகை சுமார் 400. அந்த ஊரின் ஒரே ஒரு மருந்துக்கடைக்கு இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 90 லட்சம் ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டு வலி மாத்திரைகள் போயின. கணினியில் பில் இருந்தது, லைசென்ஸ் இருந்தது, சீட்டும் இருந்தது. ‘இத்தனை பேர் எங்கிருந்து வருகிறார்கள்?’ என்று கேட்கத்தான் ஆள் இல்லை. சட்டப்படி அங்கே எழுதும் மருத்துவரின் பொறுப்புக்கு இணையான பொறுப்பு மருந்து கொடுப்பவருக்கும் உண்டு. 2022இல் சி.வி.எஸ்., வால்கிரீன்ஸ், வால்மார்ட் என்ற பெரிய கடைத் தொடர்கள் மூன்றும் ஓபியாய்டு விற்பனை தொடர்பான வழக்குகளை முடித்துக்கொள்ள மொத்தம் 1,300 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டன.

நேர் எதிரான கதை பிரான்சில் நடந்தது. 1996இல் இருந்து அங்கே சாதாரணக் குடும்ப மருத்துவரே ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகப் புப்ரெனார்ஃபின் எழுதலாம், நோயாளி தெருமுனை மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். எந்தக் கடை என்று சீட்டிலேயே எழுதுவார்கள், தேவைப்பட்டால் மருந்தாளுநர் முன்னிலையிலேயே நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். 1995-க்கும் 1999-க்கும் இடையில் ஓபியாய்டு அளவு மீறிய சாவுகள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று நம் ஊரில் கேட்பார்கள், மருந்தாளுநர்களே கேட்டிருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்குத் தினமும் இன்சுலின் போடுபவரிடம் அப்படிக் கேட்பதில்லையே. தவிப்பைத் தணித்து, வேலைக்குப் போக வைத்து, ஊசியிலிருந்து எடுக்கும் சிகிச்சை அது. இந்தியாவில் அது அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் கிடைக்கிறது.

இப்போது ‘ஸ்டாக் இல்லை’ என்ற பதிலால் அதிகம் அடிபடுபவர்களைப் பற்றி. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் வேண்டும். 1985இல் வந்த என்.டி.பி.எஸ். சட்டத்துக்குப் பிறகு லைசென்ஸ் சிக்கலுக்குப் பயந்து பல மருத்துவமனைகளே அதை வைப்பதை விட்டுவிட்டன. வலி நிவாரணத்துக்காகப் போராடிய கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்களின் உழைப்பால் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆறும் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனி வகையாயின. சட்டம் இளகிவிட்டது, நம் முகம் இளகவில்லை. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், அப்பாவுக்கான டிரமடால் சீட்டோடு ஆறு கடை ஏறி இறங்கியதாகச் சொல்லி என் கவுண்டரில் அழுதாள். சீட்டு சரியாக இருந்தது. புற்றுநோய்ப் பிரிவின் ஓபி சீட்டும் இருந்தது. ஆறு கடையிலும் அவளைச் சந்தேகமாகப் பார்த்திருக்கிறார்கள். அப்படி வருபவர்களிடம் பயப்படாமல் கொடுங்கள், மலச்சிக்கலுக்கு மருந்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள், நாளைக்கும் வரும்படி சொல்லுங்கள்.

முதலாளி சம்பந்தமாக ஒன்று. சில கடைகளில் மருந்தாளுநரின் சர்டிஃபிகேட் மட்டும் சுவரில் தொங்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார். மாதம் இவ்வளவு என்று வாடகை. 1948 மருந்தியல் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது. நான் மேலே சொன்ன எதுவும், கேள்வி கேட்பதோ போன் செய்வதோ ரிஜிஸ்டரைப் படிப்பதோ, சுவரில் தொங்கும் காகிதத்தால் முடியாது. உங்கள் சர்டிஃபிகேட்டை யார் கேட்டாலும் வாடகைக்கு விடாதீர்கள். அந்தக் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு அட்டையும் உங்கள் பெயரில்தான் போகும்.

மிரட்டலும் வரும். மாத்திரை தரவில்லை என்று கடையை உடைத்தவர்கள் உண்டு, கத்தி காட்டியவர்கள் உண்டு. பல மாவட்டங்களில் மருந்துக்கடைகளில் கேமரா கட்டாயம் என்று ஆட்சியர்கள் உத்தரவிட்டிருப்பது நமக்கும் பாதுகாப்புதான். இரவில் தனியாக நிற்காதீர்கள். பக்கத்துக் கடைகளோடு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளுங்கள். போலிச் சீட்டு ஒரு கடையில் தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாக் கடைக்கும் தெரியட்டும். அதில் மருத்துவர் பெயரும் சீட்டின் விவரமும் போதும், யாருடைய படத்தையும் போடாதீர்கள். கும்பலாக விற்பது தெரிந்தால் 10581 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.

உதவி கேட்பவருக்கு எண்ணைச் சின்னத் தாளில் அச்சடித்துப் பில்லோடு கொடுக்கிறேன். போதையிலிருந்து மீள 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு, சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மையத்தின் பெயரையும் சொல்கிறேன். தாளை எல்லோருக்கும் கொடுப்பதால் வாங்குபவருக்குக் கூச்சம் இல்லை. யாருக்கு அது தேவை என்று எனக்கும் தெரிய வேண்டியதில்லை.

நாளைக் காலை கடை திறந்ததும் எச்1 ரிஜிஸ்டரின் கடைசி மூன்று மாதத்தைப் புரட்டிப் பாருங்கள். டிரமடால் வரிசையில் மூன்று முறைக்கு மேல் வரும் பெயர்களைத் தனியாக எழுதுங்கள். அவர்களில் வயதானவர்களுக்கு முதலில் போன் போட்டு, முட்டி வலி எப்படி இருக்கிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.